எடையும் பதமும்

தம்பி மனைவியின் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் கசங்கிக் கிடந்த பன் காகிதத்தைத் தராசு தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாளே, போன வாரம் கதையை அங்கேதான் நிறுத்தியிருந்தோம். காகிதத்தில் சர்க்கரைத் துகள் ஒட்டியிருந்தது. சொந்தக் கடைக் காகிதம் வேறு. அவளுக்கு அடையாளம் தெரியாமல் போகுமா?

பேக்கரியில் மாவை உருண்டை உருண்டையாகக் கிள்ளிப் போடுவது அவள் வேலை. கிள்ளியதை எடுத்து நிறுத்துப் பார்த்தால் இம்மி பிசகாது. அதனால் கடையிலும் தெருவிலும் அவளுக்குத் தராசு என்று பெயர். அந்தப் பட்டத்தைக் கையோடு வைத்துக்கொண்டிருந்தால் தேவலை. வாய்க்கும் கொடுத்துவிட்டாள். யார் யோக்கியம், யார் சோம்பேறி, யார் புளுகு என்று ஆளைப் பார்த்த மாத்திரத்தில் நிறுத்துச் சொல்லிவிடுவாள்.

தம்பி மனைவியையும் அப்படித்தான் நிறுத்து வைத்திருந்தாள். பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற பெண் அவள். வீட்டில் செல்லமாகவும் கோபமாகவும் மைக் என்பார்கள். கர்ப்பத்தில் மைக்குக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சர்க்கரைக்குத் தராசுதான் காவல். டப்பா அவள் அறைக்குப் போனது. பூட்டும் சாவியும் வந்தன.

ஆனால் அதே தராசுதான், வயிற்றுப் பிள்ளை மாதத்துக்கு மீறிய எடை என்று ஸ்கேன் சொன்னதும் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள். "எங்க வீட்டுப் பிள்ளை சோடை போகுமா?" என்று ரொட்டி வாங்க வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டாள்.

மாதம் நிறையுமுன்னே வலி எட்டிப் பார்த்துவிட்டதால் மைக் இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். மருந்து கொடுத்து வலியை நிறுத்தி வைத்திருந்தார்கள். தராசு கைப்பையோடு உள்ளே நுழைந்தபோது சிஸ்டர் மைக்கின் விரல் நுனியில் குத்தி, ரத்தத்துளியைக் கருவியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து காலையில நல்லா இருந்துச்சே," என்றாள் சிஸ்டர், கருவியைப் பார்த்து. "இப்ப எக்கச்சக்கமா ஏறியிருக்கு."

தராசு ஜிப்பைத் திறந்தாள். காகிதத்தை எடுத்துக் கட்டில்மேல் விரித்து வைத்தாள்.

"இது என்னன்னு கேளுங்க சிஸ்டர்."

மைக் காகிதத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலோரம் நின்ற கணவனைப் பார்த்தாள். பேக்கரி மாஸ்டரான அவன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நான் சாப்பிட்டதில்ல அண்ணி."

"பின்ன பீரோ சாப்பிட்டுச்சா?"

மைக் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"வயித்துல ஒரு உசுரு இருக்குங்கற நெனப்பு வேணாமா? நாக்கைக் கொஞ்ச நாள் கட்டி வைக்க முடியலையா உன்னால?"

ஊரே கேட்கிற அந்தக் குரல் எழும்பவே இல்லை. மைக் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தராசுக்கு அதுவே போதுமான சாட்சியாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சின்ன டாக்டர் உள்ளே வந்தார். பிறந்த குழந்தைகளைப் பார்க்கிற டாக்டர். பார்ப்பதற்குக் கல்லூரிக்குக் கிளம்பிய பையன் மாதிரி இருப்பார் என்பதால் இந்தக் குடும்பம் வைத்த பெயர் அது.

"யாரு என்ன சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

"இவ பன் தின்னிருக்கா டாக்டர்," என்றாள் தராசு. "போன வாரம்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன வாரம் தின்ன பன்னுக்கு இன்னைக்குச் சர்க்கரை ஏறாதும்மா. இது நாங்களே ஏத்திவிட்டது. நேத்து ஒரு ஊசி, இன்னைக்குக் காலையில ஒரு ஊசி போட்டோம். குழந்தையோட நுரையீரலைச் சீக்கிரம் தயார் பண்ற மருந்து. அது அம்மாவுக்குச் சர்க்கரையை ஏத்தும். தெரிஞ்சேதான் போட்டோம். இன்சுலினைக் கூட்டி இறக்கிடலாம்."

"நுரையீரலை எதுக்குத் தயார் பண்ணணும்? குழந்தைதான் நல்லா வளர்ந்திருக்கே. நிறைமாசக் குழந்தை எடைன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அந்த எடைதாம்மா எல்லாரையும் ஏமாத்துது."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவசரப்படாமல் பேசுகிற மனிதர்.

"அம்மா ரத்தத்துல இருக்கற சர்க்கரை குழந்தைக்குப் போகும். அம்மா போட்டுக்கற இன்சுலின் அந்தப் பக்கம் போகாது. அதனால வந்து குவியற சர்க்கரையைச் சமாளிக்க, குழந்தை தானே நிறைய இன்சுலின் சுரக்க ஆரம்பிச்சிடும். அந்த இன்சுலின் உடம்பைக் கொழுகொழுன்னு ஆக்கிடும். ஆனா நுரையீரல்கிட்ட மட்டும், நீ கொஞ்சம் பொறுன்னு சொல்லிடும்."

"எதுக்குப் பொறுக்கச் சொல்லுது?"

"நுரையீரலுக்குள்ள லட்சக்கணக்குல குட்டிக் குட்டிக் காத்துப்பைங்க இருக்கு. அதுங்களுக்கு உள்பக்கம் ஒரு வழவழப்பு பூசணும். அதைச் சுரக்கற வேலைதான் தள்ளிப்போயிடும்." டாக்டர் கட்டில்மேல் கிடந்த காகிதத்தைப் பார்த்தார். "நீங்க பேக்கரிதானே? ரொட்டி போடற பிளாஸ்டிக் கவருக்குள்ள ஈரம் பட்டா என்ன ஆகும்?"

"ரெண்டு பக்கமும் அப்பிக்கும். பிரிக்கறதுக்குள்ள உசுரு போயிடும்."

சொல்லிவிட்டுத் தராசு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அதேதான்," என்றார் டாக்டர் மெதுவாக. "வழவழப்பு இருந்தா மூச்சை விட்டப்புறமும் பை கொஞ்சம் திறந்தே இருக்கும். இல்லேன்னா ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டின கவரைப் புதுசா பிரிக்கணும். எவ்வளவு பெரிய குழந்தையா இருந்தாலும் அதுக்கு அத்தனை தெம்பு ஏது?"

தராசு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். மழை நாளில் ஒட்டிக்கொண்ட கவரைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து எத்தனை முறை தேய்த்திருப்பாள், ஊதியிருப்பாள். ஒரு கவருக்கே அந்தப் பாடு. கண்ணுக்குத் தெரியாத லட்சம் பைகளுக்கு உள்ளே போய், ஒன்று விடாமல் வழவழப்பு பூசுகிற வேலை இருட்டுக்குள் யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது என்றால் அது எப்பேர்ப்பட்ட வேலை. அவளுக்குப் புல்லரித்தது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. மாவில் எடை கிள்ளும்போதே வந்துவிடும். பதம் அப்படி வராது. அதற்கென்று ஒரு பொழுது வேண்டும். சர்க்கரை தூக்கலாகப் போட்ட பன் மாவு, உப்பு ரொட்டி மாவைவிட ஆறஅமரத்தான் பொங்கும். அவசரப்பட்டு அடுப்பில் தள்ளினால் மேலே சிவந்து உள்ளே களியாக இருக்கும். இதையெல்லாம் தினமும் கையால் தொட்டுப் பார்க்கிறவள், வெறும் எடையை வைத்துத் தெருவில் மார்தட்டியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

"பஸ் வந்து நின்னாச்சு, டிரைவர் இன்னும் வரல. அப்படித்தானே டாக்டர்?" என்றாள் மைக்.

"அப்படித்தான்னு வெச்சுக்கோங்க."

"நான் ஏதாவது தப்பா சாப்பிட்டதாலயா?"

"இல்லம்மா. சில பேருக்கு நஞ்சுக்கொடியில சுரக்கறதே இன்சுலினை வேலை செய்ய விடாது. நீங்க கட்டுப்பாடாத்தான் இருந்திருக்கீங்க. அதனாலதான் இந்த மட்டுல நிக்குது. ஊசி முழுசா வேலை செய்ய ஒரு நாளாவது ஆகும். அதுவரைக்கும் குழந்தை உள்ளயே இருக்கட்டும்னுதான் பார்க்கறோம்."

டாக்டர் போனதும் மாஸ்டர் மின்விசிறியிலிருந்து கண்ணை இறக்கினான்.

"அக்கா. அந்தப் பன்னு."

"பன்னுக்கு என்ன?"

"நான்தான் தின்னேன். அவ இனிப்பை விட்டதால நானும் விடறேன்னு சத்தியம் பண்ணிட்டேன். ஒரு நாள் தாங்கல. பீரோ கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு அதுக்குப் பின்னால நின்னு தின்னேன்."

தராசு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பொழுது விடிஞ்சா பன்னுக்கு நடுவுல நிக்கறவன்தானேடா நீ. பீரோவுக்குப் பின்னால போய் ஏன் தின்னே?"

"கடையில நீ இருக்கியே."

மைக் வாயைப் பொத்திக்கொண்டாள். தராசு அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும் அண்ணி."

"அப்ப என்கிட்ட ஏன் சொல்லல?"

"எந்த வண்டி எங்க நிக்குதுன்னு நாள் பூரா ஊருக்கே சொல்றேன். வீட்லயாவது ஒண்ணைச் சொல்லாம விடலாம்னுதான்."

தராசுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு வார்த்தை வந்தது. அந்த வார்த்தையைச் சொல்லிப் பழக்கமில்லாததால் அது அங்கேயே நின்றது. ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்லலாம் என்று அவள் பாட்டிலைத் திறப்பதற்குள் மைக்கின் முகம் மாறியது. இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, சிஸ்டரைக் கூப்பிடுங்க."

டாக்டர் கேட்ட ஒரு நாளை வலி கொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வரும் நேரத்தில் மைக்கை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். குழந்தையின் இதயத் துடிப்பு இறங்குகிறது, இனிக் காத்திருக்க முடியாது என்றார்கள்.

மாஸ்டர் பெஞ்சில் உட்கார்ந்து முழங்கால்களுக்கு நடுவில் தலையைப் புதைத்துக்கொண்டான். தராசு கதவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். அழுகைச் சத்தம் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். கதவு திறந்தபோது வந்தது அழுகை இல்லை. சக்கரம் வைத்த கண்ணாடித் தொட்டிலை இரண்டு பேர் வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"பொண்ணு பொறந்திருக்கா," என்றாள் பின்னால் வந்த சிஸ்டர். "மூச்சுக்குக் கொஞ்சம் சிரமப்படறா. ஒருத்தர் மட்டும் வரலாம். அப்பா வர்றீங்களா?"

மாஸ்டர் எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான்.

"நீ போக்கா. எனக்குப் பார்த்து வந்து சொல்லு."

கையைத் தேய்த்துக் கழுவி, மேலே ஒரு அங்கியை மாட்டிக்கொண்டு தராசு உள்ளே போனாள். அறை முழுக்க ஒரு சத்தம். பாட்டிலில் தண்ணீர் கொப்பளிக்கிற மாதிரி ஓயாத சத்தம். குழந்தையின் மூக்கில் பொருத்திய மெல்லிய குழாயின் மறுமுனை, தொட்டில் ஓரத்தில் மாட்டிய ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் போயிருந்தது. அதில்தான் குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது.

குண்டுக் கன்னம். மணிக்கட்டில் மடிப்பு. சிஸ்டர் எடையைச் சொன்னாள். தெருவுக்கே சொல்ல வேண்டிய எண்தான், ஆனால் தராசு காதில் அது ஏறவே இல்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது குழந்தையின் விலா எலும்புக்குக் கீழே. மூச்சு இழுக்கும்போதெல்லாம் மாவில் விரலை அழுத்தியது போல அங்கே ஒரு குழி விழுந்தது. மூச்சு விடும்போதெல்லாம் 'ம்ஹ்' என்று ஒரு முனகல்.

"வலிக்குதா டாக்டர் அவளுக்கு?"

"வலி இல்லம்மா. மூச்சை விடும்போது தொண்டையைப் பாதி மூடிக்கறா. முழுசா விட்டுட்டா பைங்க ஒட்டிக்கும். அதனால கொஞ்சம் காத்தை உள்ளயே பிடிச்சு வெச்சுக்கறா. அந்தச் சத்தம்தான் இது."

தராசுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"பொறந்து இன்னும் யார் மூஞ்சியும் பார்க்கலையே இவ. யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கல. குழந்தைங்க இப்படிச் செய்யறதைப் பார்த்துத்தான் எங்களுக்கே இந்தக் குழாய் யோசனை வந்துச்சு. அவ தொண்டையால செய்யறதை நாங்க பாட்டில் தண்ணியால செய்யறோம். குமிழி வர்ற வரைக்கும் பைங்களைத் திறந்து பிடிக்க ஒரு கை இருக்குன்னு அர்த்தம்."

தராசு கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பேச்சு வரவில்லை என்பது அந்தக் குடும்பத்தில் பெரிய செய்தி. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபோதுகூட எத்தனை மூட்டைக் கல் இருக்கும் என்று கணக்குப் போட்டவள் அவள். இந்தப் பிஞ்சு ஒட்டிக்கொள்ளும் லட்சம் கதவுகளுக்கு நடுவில் தானே முட்டுக்கொடுத்து நிற்கிறது. இதை எதால் நிறுப்பது?

சிஸ்டர் குழந்தையின் குதிகாலில் லேசாகக் குத்தி ரத்தம் எடுத்தாள்.

"டாக்டர், சர்க்கரை குறைவா இருக்கு."

தராசு திடுக்கிட்டாள். "சர்க்கரை குறைவா? இவளுக்கா?"

"அம்மாகிட்டேர்ந்து வர்ற சர்க்கரை நின்னுபோச்சு இல்ல? இவ சுரந்து பழகின இன்சுலின் இன்னும் நிக்கல. அதனால இறங்குது. குளுக்கோஸ் ஏத்திடுவோம், சரியாயிடும்."

இத்தனை வாரம் டப்பாவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி, அவள் எதனிடமிருந்து இந்தக் குழந்தையைக் காப்பாற்றினாளோ அந்தச் சர்க்கரைதான் அதற்கு இந்த உலகத்தில் முதல் ஆகாரமாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தராசு சிரித்தாள். கண்ணிலிருந்து தண்ணீரும் வந்தது. இரண்டையும் அவள் தடுக்கவில்லை.

"முனகல் எப்ப நிக்கும் டாக்டர்?"

"நின்னா ரெண்டுல ஒண்ணு. பைங்க திறந்து மூச்சு சுலபமாயிருக்கணும். இல்ல, பிடிச்சுப் பிடிச்சுக் களைச்சுப் போயிருக்கணும். களைச்சிருந்தா மருந்தை நேரா நுரையீரலுக்குள்ள விடவேண்டி வரும். இந்தக் குழி இருக்கே, அதைப் பாருங்க. அது ஆழம் குறைஞ்சா நல்லது, குறையலேன்னா களைச்சிருக்கான்னு அர்த்தம்."

மைக்கைத் தியேட்டரிலிருந்து பக்கத்து அறைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே இன்னும் மரத்துப்போயிருந்தது. தராசைப் பார்த்ததும் முதல் கேள்வி இதுதான்.

"அழுதாளா அண்ணி?"

தராசு கட்டிலோரம் உட்கார்ந்தாள். பொய் சொல்லத்தான் நினைத்தாள், முடியவில்லை.

"அழல. முனகறா. மூச்சை முழுசா விடாம அவளே கொஞ்சம் பிடிச்சு வெச்சுக்கறா. உள்ள இருக்கறது ஒட்டிக்கக் கூடாதுன்னு. யாரும் சொல்லித் தரலையாம். உன் பொண்ணு எமகாதகி."

மைக் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நனைந்தது.

"இன்னொண்ணும் கேளு. அவளுக்குச் சர்க்கரை குறைஞ்சுபோச்சாம். குளுக்கோஸ் ஏத்தறாங்க."

மூடிய கண்ணோடு மைக் சிரித்தாள். "டப்பா சாவியைக் கொண்டுபோய் அவகிட்டக் குடுத்துடுங்க அண்ணி."

தராசு கைப்பையைத் திறந்தாள். அந்தப் பன் காகிதத்தை எடுத்து, சுருட்டி, கட்டிலுக்கடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டாள்.

"உன்னைத் தப்பா நெனச்சுட்டேன்மா," என்றாள். தண்ணீர் குடிக்காமலே வார்த்தை வந்துவிட்டது.

மைக் அவள் விரலைப் பிடித்து அழுத்தினாள். பிறகு போனைக் கேட்டு வாங்கி, ஒலிப்பதிவை ஆரம்பித்து வாயருகே வைத்துக்கொண்டாள். களைத்துக் கிடந்தவளிடமிருந்து எப்படித்தான் வந்ததோ, பேருந்து நிலையத்துக் குரல் வந்தது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூச்சு வண்டி சற்றே தாமதமாகப் புறப்படுகிறது. பயணிகள் பதற்றப்பட வேண்டாம். அம்மா," என்று கொஞ்சம் நிறுத்தினாள், "அம்மா நிலையத்திலேயேதான் இருக்கா கண்ணு."

கடைசி வரி மட்டும் அறிவிப்பு மாதிரி இல்லை.

"இந்தக் குரலைத்தான் மாசக்கணக்கா உள்ளேர்ந்து கேட்டிருப்பா," என்றாள் மைக். "போட்டுக் காட்டுங்க அண்ணி."

வழியில் பெஞ்சில் இருந்த தம்பியை எழுப்பி மனைவியிடம் அனுப்பிவிட்டுத் தராசு மறுபடி அந்த அறைக்கு வந்தாள். சிஸ்டர் போனைத் துடைத்து, சத்தத்தைக் குறைத்து, தொட்டிலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். தராசு போட்டாள்.

பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்றதும் குழந்தையின் புருவம் அசைந்தது. மூடிய கண்ணிமைக்குள் கண் எங்கோ திரும்பியது. தராசு அதைப் பார்த்தாள், சத்தியமாகப் பார்த்தாள். இருட்டுக்குள் கேட்ட குரல் வெளிச்சத்துக்குள்ளும் பின்னாலேயே வந்திருக்கிறது. மைக்கின் குரல் முடிந்தது.

அதற்குப் பிறகு குமிழிச் சத்தம் மட்டுமே கேட்டது.

அடுத்த முனகலுக்காகத் தராசு காத்திருந்தாள். வரவில்லை. இன்னொரு மூச்சு போயிற்று. அதிலும் வரவில்லை.

"சிஸ்டர். முனகல் நின்னுடுச்சு."

சிஸ்டர் திரும்பி மானிட்டரைப் பார்த்தாள். சின்ன டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் வருவதற்குள் தராசு குனிந்து, அவர் காட்டிக்கொடுத்த அந்த இடத்தைப் பார்த்தாள். விலாவுக்குக் கீழே குழி இருந்தது. முன்னைவிட மேலோட்டமாக இருக்கிறதா? அல்லது அப்படியேதான் இருக்கிறதா? கிள்ளிய மாவை இம்மி பிசகாமல் சொல்கிற கண், நல்லதாக இருக்க வேண்டும் என்கிற ஆசை மறைத்ததில் எதையும் சொல்ல மறுத்தது.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு வந்தார். "பார்த்துக்கிட்டே இருந்தீங்களே, என்ன தோணுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

தராசு ஒதுங்கி அவருக்கு வழிவிட்டாள்.

"எனக்குத் தெரியல டாக்டர்," என்றாள். "நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

அவர் ஸ்டெதாஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, குழந்தையின் நெஞ்சில் வைத்துக் குனிந்தார்.